கொள்கைப் பற்றா, கொறடா பயமா? அரசியல்வாதிகளின் வாக்குப் பதிவைப் படிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மக்கள் பிரதிநிதியின் கொள்கைப் பற்றை அவர் அவையில் போட்ட வாக்குகளை வைத்து எடைபோட முடியுமா?

முடியும். மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும். பேட்டியில் சொன்னதை ‘திரித்து எழுதிவிட்டார்கள்’ என்று மறுத்துவிடலாம். அவைக்குறிப்பில் ஏறிய வாக்கை அப்படி மறுக்க முடியாது. ஓர் அரசியல்வாதியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் இதைவிடக் கெட்டியானது வேறில்லை என்பதே என் கருத்து.

ஆனால் வாக்கு என்பது ஒரு கேள்விக்குச் சொன்ன பதில். அந்தக் கேள்வியை எழுதியவர் பெரும்பாலும் அவரல்லர். ஆளுங்கட்சித் தலைமை எழுதியிருக்கும், அல்லது அவரை மாட்டிவிட நினைத்த எதிராளி எழுதியிருப்பார். ஆகவே பெயருக்கு எதிரே ‘ஆம்’ இருக்கிறதா, ‘இல்லை’ இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், என்ன கேட்டார்கள் என்று படித்தாக வேண்டும்.

இதைச் செய்யாமல் நானே ஒருமுறை மூக்குடைபட்டேன். பல ஆண்டுகளாக நான் கவனித்துவந்த ஓர் உறுப்பினர், தானே ஆதரித்துப் பேசிய மசோதாவுக்கு ‘இல்லை’ என்று வாக்களித்திருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். அன்றிரவே காரசாரமாக ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். மறுநாள் காலை, அவை நடைமுறை தெரிந்த நண்பர் தொலைபேசியில் கேட்டார்: “மேலே இருக்கும் வரியைப் படித்தாயா?” படிக்கவில்லை. அது மசோதாவின் மீதான வாக்கே அல்ல. விவாதத்தை அத்துடன் முடித்துக்கொள்ளலாமா என்பதன் மீதான வாக்கு. இன்னும் பேச வேண்டும் என்று நினைத்தவர் ‘இல்லை’ என்றிருக்கிறார், அவ்வளவுதான்.

தன் கட்சி கொண்டுவந்ததையே எதிர்த்து வாக்களித்தவர் என்று பதிவில் இருந்தால்? அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க செனட்டில் நடந்ததைப் பாருங்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேற 60 வாக்கு தேவை, கிடைத்தது 54. எதிர்த்த 46 பேரில் ஹாரி ரீடின் பெயரும் இருக்கிறது. அவர்தான் அந்தத் திருத்தத்தை அவைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட பெரும்பான்மைக் கட்சித் தலைவர்!

செனட் விதிப்படி, தோற்றுப்போன ஒன்றை மறுபரிசீலனைக்குக் கொண்டுவரும் உரிமை தோற்ற பக்கத்தில் வாக்களித்தவருக்குக் கிடையாது. தோல்வி உறுதி என்று தெரிந்ததும் ரீட் ‘இல்லை’ பக்கம் போனார், பின்னாளில் மீண்டும் எடுக்க வழி இருக்கட்டும் என்று. வாக்குப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு ரீடும் துப்பாக்கி ஆதரவாளரும் ஒன்று. அதே நாளில் ரீடின் கட்சியைச் சேர்ந்த வேறு நால்வரும் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களுடையது உண்மையான எதிர்ப்பு. ஐந்து பெயருக்கும் நேரே ஒரே சொல்தான் அச்சாகியிருக்கிறது.

அமைப்புகள் வெளியிடும் மதிப்பெண் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன?

அமெரிக்காவில் இது பழைய தொழில். 1947-இல் தொடங்கிய ‘அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்’ என்ற தாராளவாத அமைப்பு ஆண்டுக்கு 20 வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. எதிர் முகாமில், 1964-இல் பிறந்த ‘அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன்’ தன் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. துப்பாக்கி உரிமைச் சங்கம் பள்ளிக்கூடம் போல ஏ முதல் எஃப் வரை தரம் கொடுக்கிறது. சுற்றுச்சூழலுக்குத் தனிப் பட்டியல், வரிக்குத் தனிப் பட்டியல் என்று இன்னும் பல.

எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான். நூற்றுக்கணக்கான வாக்கெடுப்புகளிலிருந்து சிலவற்றைப் பொறுக்குவது, ‘சரியான’ விடை எது என்று முடிவு செய்வது, திருத்துவது. வினாத்தாள் தயாரிப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் ஒருவரே. பட்டியல் முதலில் சொல்வது, அதைப் போட்டவருக்கு அந்த ஆண்டு எது முக்கியமாகப் பட்டது என்பதை. உறுப்பினரைப் பற்றிய செய்தி அதற்குப் பிறகுதான்.

அவைக்கு வராத நாளுக்கு என்ன மதிப்பெண்?

இங்கேதான் கணக்கு விளையாடும். 20 வாக்கெடுப்பில் ஓர் உறுப்பினர் 15-இல் அமைப்பு விரும்பியபடி வாக்களித்தார், 2-இல் எதிராக, 3-க்கு வரவில்லை என்று வையுங்கள். வராததைத் தவறான விடையாக எடுத்தால் 15/20, அதாவது 75. வராததைக் கணக்கிலிருந்து நீக்கினால் 15/17, ஏறக்குறைய 88. ஆள் ஒருவர், ஆண்டு ஒன்று, நடுவில் 13 மதிப்பெண். மேலே சொன்ன தாராளவாத அமைப்பு முதல் முறையைப் பின்பற்றியது.

இரண்டாம் முறையிலும் கோணல் உண்டு. ‘நேஷனல் ஜர்னல்’ இதழின் தரவரிசையில் 2003-இன் மிகத் தாராளவாத செனட்டர் ஜான் கெர்ரி. 2007-க்கு பராக் ஒபாமா. இருவருமே அந்தந்த ஆண்டில் அதிபர் வேட்பாளராக ஊர் ஊராகச் சுற்றியதால் ஏராளமான வாக்கெடுப்புகளைத் தவறவிட்டவர்கள். கலந்துகொண்ட சொற்ப வாக்குகளை வைத்து வந்த பட்டத்தை எதிர்க்கட்சி தேர்தல் முழுக்கப் பாடித் தீர்த்தது.

வராமைக்குக் கொள்கையோடு சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. பிரிட்டனில், வர முடியாத ஓர் உறுப்பினருக்கு ஈடாக எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரும் வாக்களிக்காமல் இருப்பது என்று இரு கட்சிகளும் பேசி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்த ஏற்பாட்டில் இருப்பவர் பெயர் பட்டியலில் வெறுமையாகத்தான் தெரியும்.

100 வாங்கியவர் 70 வாங்கியவரைவிடக் கொள்கைப் பிடிப்புள்ளவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் இழுபறியான வாக்கெடுப்புகளையே தேர்ந்தெடுப்பார்கள். எல்லோரும் ஒருபக்கம் நிற்கும் வாக்கால் யாரையும் பிரித்துக் காட்ட முடியாதல்லவா? இழுபறி வாக்குகளில் இரு கட்சிகளும் அணிவகுத்து நிற்கும். விளைவு, ஒரு கட்சி முழுக்க 90-க்கு மேலே, மறு கட்சி முழுக்க 10-க்குக் கீழே. நடுவில் ஆளே இல்லாதது போன்ற தோற்றத்தில் பாதி, தேர்வு முறை உண்டாக்கியது.

இன்னொன்று. சில அமைப்புகள் வாக்கெடுப்புக்கு முன்பே ‘இது எங்கள் கணக்கில் சேரும்’ என்று உறுப்பினர்களுக்குத் தாக்கீது அனுப்பிவிடுகின்றன. எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த தேர்வில் நூறு வாங்கியவரிடம் நான் பெரிதாக எதையும் காண்பதில்லை.

பொறுக்கி எடுக்காமல் எல்லா வாக்கையும் கணக்கில் கொண்டால் சிக்கல் தீராதா?

கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் இதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய ‘நாமினேட்’ முறை, ஏறக்குறைய ஒருமனதாக முடிந்தவை போக மற்ற எல்லா வாக்கெடுப்பையும் எடுத்துக்கொள்கிறது. மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதே இல்லை. யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார், யாரிடமிருந்து விலகுகிறார் என்பதை மட்டும் கொண்டு, ஒவ்வொருவரையும் −1 முதல் +1 வரை ஒரு கோட்டில் உட்கார வைக்கிறது. அழகான வேலை. இரு நூற்றாண்டு அமெரிக்க அரசியலை ஒரே படத்தில் பார்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை.

தனி ஆளுக்கு வரும்போதுதான் சறுக்குகிறது. ஜனநாயகக் கட்சியின் இடது ஓரத்தில் நிற்பவர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். தன் கட்சியின் சில மசோதாக்கள் போதுமான அளவு போகவில்லை என்று அவர் எதிர்த்து வாக்களித்தார். அதே மசோதாக்களை ‘அளவு மீறிப் போகிறது’ என்று குடியரசுக் கட்சியினரும் எதிர்த்தார்கள். கணக்கு இரண்டையும் ஒரே பக்கம் கொட்டியது; அவர் கட்சியின் நடுவாந்தர ஆட்களுக்கு வலப்புறம் போய் உட்கார்ந்தார்! மனிதர்கள் சிரித்துவிடும் விடையைக் கணக்கு முகம் மாறாமல் சொல்லும்.

எதிரெதிர்க் கொள்கைக்காரர்கள் ஒரே மாதிரி வாக்களிப்பது அவ்வளவு சகஜமா?

பிரிட்டன் நாடாளுமன்றம் இதற்குப் பாடமே நடத்தியிருக்கிறது. 2019 ஜனவரி 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கு அன்றைய பிரதமர் தெரசா மே போட்ட ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. அவர் கட்சியினரே 118 பேர் எதிர்த்தார்கள். அந்த 118-இல் விலகலே கூடாது என்ற டொமினிக் கிரீவ் இருக்கிறார். இது விலகலே அல்ல என்ற ஜேக்கப் ரீஸ்-மாக் இருக்கிறார். ஒரே அறை வழியாக, ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள்.

தொடர்ந்து நடந்தது இன்னும் ருசிகரம். மேயின் ஒப்பந்தத்தை இருமுறை எதிர்த்து வாக்களித்த போரிஸ் ஜான்சன் அந்தக் கோடையில் பிரதமரானார். செப்டம்பரில் தன் அரசை எதிர்த்து வாக்களித்த 21 பேரைக் கட்சியின் நாடாளுமன்ற அணியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டவர்களில் ஒருவர் கென்னத் கிளார்க். மேயின் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். தலைமைக்கு அடங்கி நடந்தவர் வெளியே, மீறியவர் தலைமை நாற்காலியில். விசுவாசம் என்ற சொல்லை இந்த இருவரில் யாருக்குச் சூட்டுவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தொழிற்கட்சியிலும் இதே கதைதான். 1997 முதல் 2010 வரை தன் கட்சியே ஆண்டபோது ஜெரமி கார்பின் 400 தடவைக்கு மேல் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தார். 2015-இல் அதே கட்சிக்குத் தலைவரானார். 2017 பிப்ரவரியில் விலகல் மசோதாவுக்கு ஆதரவளிக்கும்படி அவர் கண்டிப்பான உத்தரவு போட்டார். 47 பேர் மீறினார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள அவருக்கு வாய் வந்திருக்குமா?

ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று நழுவுபவர்கள் கோழைகள்தானே?

சில நேரம் ஆம். சில நேரம், வாக்கெடுப்பே ஒரு பொறி. 2019 மார்ச் 26 அன்று அமெரிக்க செனட்டில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்கான ‘பசுமைப் புது ஒப்பந்தம்’ என்ற தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தவர், அதை வெறுத்த குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல். குழு விசாரணையும் இல்லாமல், உடனடியாக ‘ஆமா, இல்லையா சொல்’ என்றார். முடிவு: ஆதரவு பூஜ்யம், எதிர்ப்பு 57, ‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னவர்கள் 43. அந்த 43-இல் தீர்மானத்தை எழுதிய எட் மார்க்கியும் ஒருவர். எழுதியவரே ஆதரிக்கவில்லை என்று பதிவு சொல்கிறது. பொறியில் காலை வைக்க மறுத்தார் என்பது பதிவில் வராது.

இதன் பழைய வடிவம் விஷத் திருத்தம். ஒரு மசோதாவைக் கவிழ்க்க, அதன் ஆதரவாளர்களே விழுங்க முடியாத நல்லதொன்றை அதில் சேர்த்துவிடுவது. 1956-இல் அமெரிக்காவில் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு நிதி தரும் மசோதாவில், இனப் பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்குப் பணம் கிடையாது என்ற திருத்தத்தைக் கறுப்பின உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் கொண்டுவந்தார். அவர் நோக்கம் நேர்மையானது. ஆனால் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிய சிலர், திருத்தம் சேர்ந்த மசோதாவை அடுத்து எதிர்த்து வாக்களித்தார்கள். மசோதா விழுந்தது. முதல் வாக்கை மட்டும் எண்ணினால் அவர்கள் சமத்துவப் போராளிகள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறு முகம்.

காரணம் சொல்லிவிட்டால் எந்த வாக்கும் நியாயமாகிவிடுமா?

ஆகாது. இதுவரை படித்துவிட்டு ‘எல்லா வாக்குக்கும் ஏதோ ஒரு சாக்கு இருக்கும்’ என்று நினைத்துவிடாதீர்கள். இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1957, 1960 ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்த அமெரிக்க செனட்டர் பேரி கோல்ட்வாட்டர், 1964 ஜூனில் அதைவிடப் பெரிய சட்டத்தை எதிர்த்தார். தனியார் கடை, உணவகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் மைய அரசு தலையிட அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்பது அவர் வாதம். சட்டம் 73-க்கு 27 என்று நிறைவேறியது. சில மாதங்களில் அதிபர் தேர்தலில் அவர் சொந்த மாநிலம் போக வென்ற ஐந்தும் இனப் பாகுபாட்டைக் கட்டிக்காத்த தென்கோடி மாநிலங்கள். அந்த வாக்கைச் சாசன விளக்கமாக அவர் போட்டிருக்கலாம். அதை வாங்கிக்கொண்டவர்கள் வேறு மாதிரி வாங்கிக்கொண்டார்கள், அது அவருக்குத் தெரியாமலும் இல்லை.

சில நாட்களிலேயே வாக்கை மாற்றிக்கொள்பவரை என்ன சொல்வது?

முதலில் இரண்டும் ஒரே மசோதாவா என்று பாருங்கள். 2008 செப்டம்பர் 29 அன்று வங்கிகளை மீட்கும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 228-க்கு 205 என்று தள்ளியது. அன்று பங்குச்சந்தைக் குறியீடு 777 புள்ளி சரிந்தது. அக்டோபர் 3-இல் 263-க்கு 171 என்று நிறைவேறியது. இடையில் வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பு 1 லட்சம் டாலரிலிருந்து 2.5 லட்சமாக உயர்ந்தது, வரிச் சலுகைகளும் சேர்ந்தன. மாறியவர்களில் சலுகைக்காக மாறியவர் யார், சந்தை சரிந்த பயத்தில் மாறியவர் யார் என்று வாக்குப் பட்டியல் பிரித்துக் காட்டாது.

கொறடாவை மீறினால் பதவியே போகும் இந்தியாவில் இந்த அளவுகோல் செல்லுமா?

அப்படியே செல்லாது. 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி பறிபோகும். கட்சி முன்பே அனுமதி தந்திருந்தால் அல்லது 15 நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே இங்கே தனி உறுப்பினரின் வாக்கு பெரும்பாலும் அவர் கட்சியின் வாக்கு. அதை வைத்துக் கட்சியை எடைபோடலாம், ஆளை எடைபோடுவது வீண். போதாக்குறைக்கு, பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எண்ணிக்கை வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கூச்சலிட்டும், குரல் வாக்கிலேயே நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. யார் எப்பக்கம் என்பதற்குப் பெயர்ப் பட்டியலே இல்லை.

அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும். அங்கும் கேள்வியைப் படித்தாக வேண்டும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவர் அசதுத்தீன் ஒவைசி, இம்தியாஸ் ஜலீல். இதர பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லை என்பது அவர்கள் ஆட்சேபம். அந்த ஆட்சேபத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் ‘பெண்களுக்கு எதிரிகள்’ என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம்.

ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களைப் புரட்டுங்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்த அவையில் ஒரு தனிநபர் மசோதா தேறியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். அவையில் கேட்ட கேள்விகள், முன்மொழிந்த திருத்தங்கள் ஆகியவற்றிலும் ஆளின் குரல் கேட்கும்.

அப்படியானால் எந்த வாக்கைத்தான் நம்புவது?

விலை கொடுத்துப் போட்ட வாக்கை. மொன்டானாவைச் சேர்ந்த ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். 1917-இல் முதல் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து வாக்களித்தார்; அப்போது அவருடன் 49 பேர் இருந்தார்கள். மீண்டும் தேர்வாகி வந்தவருக்கு 1941 டிசம்பர் 8 அன்று அதே கேள்வி. முந்தின நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டிருந்தது. ஆதரவு 388, எதிர்ப்பு ஒன்று. வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்தது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்தே காவலர்களை வரவழைத்தார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. அவர் முடிவு தவறு என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவருக்குக் கொள்கை இருந்ததா என்று யாரும் கேட்க முடியாது.

நேரம் குறைவு. ஓர் உறுப்பினரைப் பற்றி ஒரே மாலையில் தெரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, அவர் கட்சி பிளவுபட்டு வாக்களித்த ஐந்தாறு வாக்கெடுப்புகளை எடுங்கள். கொறடா உத்தரவு இல்லாமல் மனச்சாட்சிப்படி விடப்பட்டவை இருந்தால் அவை முதலில். பிரிட்டனில் 2024 நவம்பர் 29 அன்று 330-க்கு 275 என்று அவையில் ஒரு கட்டம் தேறிய, தீரா நோயாளிகள் உயிர் துறக்க உதவும் மசோதாவின் வாக்கெடுப்பு அப்படிப்பட்டது. கட்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்தன. ஒவ்வொன்றிலும் மேலே உள்ள வரியைப் படியுங்கள்: மசோதாவா, திருத்தமா, நடைமுறையா? பிறகு, வாக்களித்த அன்று அவர் அவையில் ஏதாவது பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொகுதியில் கொடுத்த விளக்கம் வேண்டாம். அது வேறு கடைக்கான சரக்கு.